காட்டுப்பூனை ரவைகள்: ஒரு வெற்றுக் கோதின் வம்சக் கதை

கொஞ்சம் நீளமான பதிவு இது. ஆறுதலாக இருக்கும் நேரம் பார்த்து வாசியுங்கள்.

போன தவணையில் ஒரு நாள் இடைவேளை முடிந்து தரம் 10 வகுப்புக்குள் போகிறேன். ஒரு மாணவன் என் மேசைக்கு வந்து லேஞ்சியில் சுற்றிய ஒன்றை வைத்தான். வீட்டு மதிலுக்கு அத்திவாரம் வெட்டும்போது கிடைத்ததாம். பிரித்துப் பார்த்தால் பச்சைக் களிம்பு பிடித்த ஒரு ரவைக் கோது. வெற்றுக் கோதுதான், முனையில் சன்னம் இல்லை.

"சேர், இது என்ன துவக்குட ரவை? இத ஆரு கண்டுபுடிச்ச?"

பதில் சொல்ல முன்னர் நான் கேட்டது வேறு. "மண்ணுக்குள்ள வேற ஏதும் கிடந்ததா?" இல்லை என்றான். சன்னத்தோடு இருக்கும் ரவையையோ வேறு எந்த வெடிபொருளையோ கண்டால் கை வைக்காமல் பெரியவர்களிடமும் பொலிஸிடமும் சொல்ல வேண்டும் என்று முழு வகுப்புக்கும் சொன்னேன். இதை வாசிக்கும் பெற்றோரும் ஒருமுறை வீட்டில் சொல்லி வையுங்கள். யுத்தம் முடிந்து இத்தனை வருடமானாலும் நம் மண் இன்னும் எதையெதையோ வெளியே தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது.

முதல் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்குக் கஷ்டமில்லை. அது ரி-56 ரவைக் கோது. என் வயதுக்காரர்களுக்கு அதைப் பார்த்தவுடன் தெரியும். சுற்றிவளைப்பு முடிந்து ரோட்டுக்கு வந்தால் முதல் வேலை கோது பொறுக்குவதுதான். வாயில் வைத்து ஊதினால் விசில் சத்தம் வரும். உம்மா கண்டால் அடி விழும்.

இரண்டாவது கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இருக்கவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வந்து தேடத் தொடங்கினேன். தேடிப்போனால் கதை சோவியத் ஆலைகளோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் வீட்டுக் கொல்லைகளுக்கும், சிறு பட்டறைகளுக்கும், ஒரு வழக்கறிஞருக்கும், ஒரு டொக்டருக்கும் இழுத்துக்கொண்டு போனது. அங்கே இப்படிப்பட்ட ரவைகளுக்கு ஒரு பெயர் இருக்கிறது: "வைல்ட்கெட்". தமிழில் சொன்னால் காட்டுப்பூனை ரவை.

*கோது என்றால் என்ன?*

ரவை என்று நாம் மொத்தமாகச் சொன்னாலும் அதில் நான்கு பொருட்கள் இருக்கின்றன. வெளியே பித்தளைக் கோது. அதன் அடியில் ஊசி அடித்தவுடன் தீப்பற்றும் ஒரு சிறு மூடி. உள்ளே மருந்து. முனையில் சன்னம். சுட்டதும் சன்னம் குழல் வழியே போய்விடும், மருந்து எரிந்துவிடும், கோது மட்டும் நம் காலடியில் விழும்.

பெரும்பாலான ரைபிள் கோதுகளை உற்றுப் பார்த்தால் சோடாப் போத்தல் போலவே இருக்கும். அடிப்பகுதி பருமன், மேலே சரிந்த தோள், அதற்கு மேல் ஒடுங்கிய கழுத்து. துவக்குக்குள்ளே இந்தப் போத்தல் உட்காருவதற்கு அச்சொட்டாக அதே வடிவில் ஓர் அறை குடைந்திருப்பார்கள். சுடும்போது பித்தளை விரிந்து அந்த அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். எரிவாயு பின்னால் கசியாமல் சுடுபவரின் முகத்தைக் காப்பது அந்த மெல்லிய பித்தளைதான். கோதின் அளவும் அறையின் அளவும் பொருந்தாவிட்டால் துவக்கே வெடித்துவிடலாம்.

இதனால்தான் அமெரிக்காவில் துவக்கு, ரவை செய்யும் கம்பனிகள் அரசாங்கம் கேட்டுக்கொண்டதற்கிணங்க 1926ஆம் ஆண்டு ஒரு தர நிர்ணய அமைப்பை உருவாக்கின. எந்த ரவைக்கு என்ன நீளம், என்ன விட்டம், எவ்வளவு அமுக்கம் என்று அங்கே பதிவு இருக்கும். அந்தப் பதிவுக்குள் வராமல், எந்த ஆலையும் செய்து விற்காமல், ஒரு தனிமனிதர் ஏற்கனவே உள்ள கோதின் கழுத்தைச் சுருக்கியோ, அகட்டியோ, தோளை நிமிர்த்தியோ தானே உருவாக்கிக்கொண்ட ரவைதான் வைல்ட்கெட். அமெரிக்கர்கள் ஒழுங்குக்கு வெளியே நடப்பதையெல்லாம் காட்டுப்பூனை என்றுதான் சொல்வார்கள். தொழிற்சங்கத்தைக் கேளாமல் திடீரென்று நடக்கும் வேலைநிறுத்தம், யாரும் தோண்டாத இடத்தில் நம்பிக்கையில் தோண்டும் எண்ணெய்க் கிணறு எல்லாமே அவர்களுக்கு வைல்ட்கெட்தான்.

*அரசாங்கமே செய்த முதல் காட்டுப்பூனை*

பழைய துவக்குகளில் கரிமருந்து. சுட்டால் வெள்ளைப் புகை மண்டும். 1884இல் பிரான்சில் போல் வியெய் என்ற இரசாயனவியலாளர் புகை மிகக் குறைந்த புது மருந்தைக் கண்டுபிடித்தார். கரிமருந்தை விடப் பல மடங்கு வலு. சன்னத்தைச் சிறிதாக்கி வேகத்தைக் கூட்டலாம் என்று அதோடு தெரிந்துவிட்டது.

1886இல் பிரான்சின் யுத்த அமைச்சர் ஜெனரல் பூலோஞ்சே புதுத் துவக்கை உடனடியாகக் கேட்டார். புதுக் கோது வடிவமைக்க நேரமில்லை. அவர்களிடம் ஏற்கனவே இருந்த 11 மில்லிமீற்றர் க்ரா கோதின் கழுத்தைச் சுருக்கி 8 மில்லிமீற்றர் சன்னத்தைப் பொருத்தினார்கள். அப்படி வந்ததுதான் லெபெல் ரைபிளின் ரவை, உலகின் முதலாவது புகையற்ற மருந்து இராணுவ ரவை. அவசரத்தில் செய்த வேலை. ஆனால் பின்னாளில் ஆயிரம் பேர் தங்கள் பட்டறைகளில் செய்தது இதே வேலையைத்தான். பழைய கோது, புதுக் கழுத்து.

*பஃபலோ நகரத்து வழக்கறிஞர்*

சார்ல்ஸ் நியூட்டன் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் பஃபலோ நகரில் சட்டத்தொழில் பார்த்தவர். மனம் முழுக்கத் துவக்கில். 1912இல் அவர் .25-35 என்ற கோதின் கழுத்தைச் சுருக்கி வடிவமைத்த .22 ரவையை சவேஜ் கம்பனி விற்றது. 1915இல் அதே கம்பனிக்கு அவர் கொடுத்த இன்னொரு வடிவம் .250-3000. அந்த 3000 என்பது விளம்பரம்: செக்கனுக்கு 3000 அடி, அதாவது ஏறக்குறைய 914 மீற்றர். அந்தக் காலத்தில் அந்த எண்ணைக் கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

நியூட்டன் சொந்தமாகவும் கம்பனி தொடங்கினார், 1914இல். ஜேர்மனியிலிருந்து மவுசர் துவக்குகளை இறக்குமதி செய்து தன் ரவைகளுக்கு ஏற்பக் கொடுப்பது திட்டம். அதே ஆண்டு முதலாம் உலக யுத்தம் தொடங்கியது. ஜேர்மனியின் சாமான் வரவில்லை. பிறகு சொந்த ஆலை போட்டார், அதுவும் 1918இல் விழுந்தது. மீண்டும் மீண்டும் முயன்று, 1932இல் காலமானார். கண்டுபிடிப்பாளனுக்குக் காலமும் கைகொடுக்க வேண்டும். ஆனால் அவருடைய .250 கோது அவரோடு முடியவில்லை. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

*வயலுக்கு வரும் சிறு விலங்கும், .22 என்ற பைத்தியமும்*

நம் பக்கத்தில் வேளாண்மைக்குப் பன்றியும் மயிலும் எப்படியோ, அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் வுட்சக் என்ற விலங்கு அப்படி. கொழுத்த பெரிய அணில் மாதிரி, நிலத்தில் வளை தோண்டி இருக்கும். வயலில் தொலைவிலிருந்து அதைச் சுட வேண்டும் என்றால் சன்னம் சிறியதாகவும் மிக வேகமாகவும், நேர்கோட்டில் போவதாகவும் இருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்து மாட்டில் படாமல் நிலத்தில் பட்டவுடன் சிதறிப்போவது இன்னும் நல்லது. ஆலைகளில் அப்படி ஒரு ரவை இல்லை. ஆகவே தாங்களே செய்யத் தொடங்கினார்கள்.

1920களில் ஸ்பிரிங்ஃபீல்ட் இராணுவ ஆயுதசாலையைச் சேர்ந்தவர்களும் அதனோடு பழகியவர்களும் ஓய்வு நேர விளையாட்டாக ஒரு வேலை செய்தார்கள். டவுன்சென்ட் வீலன், க்ரோவ்னர் வொட்கின்ஸ் போன்ற இராணுவ அதிகாரிகள் அந்தக் கூட்டத்தில் இருந்தனர். 1885ஆம் ஆண்டின் பழைய கரிமருந்து .22 கோது ஒன்றை எடுத்து, புது மருந்தும் புதுச் சன்னமும் போட்டுப் பார்த்தார்கள். .22 ஹோர்னெட் பிறந்தது. ஹோர்னெட் என்றால் குளவி. 1930இல் வின்செஸ்டர் கம்பனி அந்த ரவையைச் செய்து விற்க ஆரம்பித்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்குரிய ஆலைத் துவக்கு அப்போது சந்தையில் இல்லை! ரவை வாங்கியவர்கள் துவக்கை ஒரு பட்டறைக்காரரிடம் கொடுத்து மாற்றி எடுத்தார்கள்.

நெட் ரொபர்ட்ஸ் என்ற இன்னொருவர் ஜேர்மனியின் 7 மில்லிமீற்றர் மவுசர் கோதை .25 அங்குலத்துக்குச் சுருக்கினார். 1934இல் ரெமிங்டன் கம்பனி அதைச் சிறு மாற்றங்களோடு எடுத்து .257 ரொபர்ட்ஸ் என்று அவர் பெயரையே வைத்தது. இதில் அவரோடு வேலை செய்த அடொல்ஃப் நீட்னர் என்ற துவக்குச் செய்பவர், 1920 அளவில் அமெரிக்க இராணுவத்தின் .30-06 கோதைச் சுருக்கி .25-06 செய்திருந்தார். அதை ரெமிங்டன் ஆலை ரவையாக ஏற்றது 1969இல். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து.

இப்போது நியூட்டனின் .250 கோதுக்கு வருவோம். 1930களில் பலர் அதன் கழுத்தை .22க்குச் சுருக்கிப் பார்த்தார்கள். வொட்கின்ஸ் செய்த வடிவத்தைப் பார்த்த வின்செஸ்டர், யோசனையை எடுத்துக்கொண்டு கோதை மட்டும் மாற்றி, 1935இல் .220 ஸ்விஃப்ட் என்று தன் ரவையை வெளியிட்டது. செக்கனுக்கு 1,200 மீற்றரைத் தாண்டிய வேகம். ஆலை கைவிட்ட அந்த .250 வடிவத்தை மற்றவர்கள் விடவில்லை. 1937இல் ஜே. ஈ. கெபி தன்னுடைய வடிவத்துக்கு "வார்மின்டர்" என்று பெயர் வைத்துப் பதிவும் செய்துகொண்டார். பயிரழிக்கும் சிறு விலங்குகளை அங்கே வார்மின்ட் என்பார்கள். பெயர் அவருக்குச் சொந்தமாகிவிட்டதால் மற்றவர்கள் வெறும் எண்ணால் .22-250 என்று அழைத்தார்கள். கடைசியில் அந்த எண்தான் நிலைத்தது.

1963இல் ப்ரௌனிங் கம்பனி ஆலை ரவையே இல்லாத இந்தக் காட்டுப்பூனைக்குத் துவக்கு செய்து விற்றது. 1965இல் ரெமிங்டன் ரவையையும் செய்தது. பிறந்து 28 வருடம் கழித்துப் பிறப்புப் பத்திரம் எடுத்த பிள்ளை மாதிரி.

*சட்டமும் ஒரு காரணம்*

எல்லாரும் வேகப் பைத்தியத்தில்தான் இதைச் செய்தார்கள் என்றில்லை. அவுஸ்திரேலியாவைப் பாருங்கள். நம் மூத்தாப்பாமார் பொலிஸ்காரர் கையில் கண்ட .303 துவக்கு அங்கும் நிறைய இருந்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இராணுவ ரவை சுடும் துவக்குகளைப் பொதுமக்கள் வைத்திருக்கக் கட்டுப்பாடு வந்தது. துவக்கு கைவசம், ரவைக்குத்தான் தடை. அங்குள்ளவர்கள் .303 கோதின் கழுத்தை .25க்குச் சுருக்கி, குழலையும் மாற்றி, .303/25 என்று புது ரவை ஆக்கிக்கொண்டார்கள். 1940களில் தொடங்கிய இது அந்த நாட்டு வேட்டைக்காரரிடம் பெரிய வரவேற்புப் பெற்றது. கதவு பூட்டினால் ஜன்னலால் போகும் புத்தி எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

*அளந்து பார்த்த வாத்தியார்*

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் பார்க்கர் ஒட்டோ அக்லி. 1903இல் பிறந்தவர், 1989இல் மறைந்தவர். 1936இல் ஒரிகன் மாநிலத்தில் துவக்குப் பட்டறை நடத்தத் தொடங்கினார். பிறகு கொலராடோவின் ட்ரினிடாட் நகரில் பட்டறை வைத்து, அங்குள்ள கல்லூரியில் துவக்குச் செய்யும் தொழிலையும் கற்பித்தார். வாத்தியார் என்பதால் எனக்குக் கொஞ்சம் பாரபட்சமும் உண்டு.

அவர் செய்தது இதுதான். ஆலைக் கோதுகளின் உடல் மேல் நோக்கிச் சற்று ஒடுங்கிப் போகும். அதை ஏறக்குறைய நேராக்கி, தோளை 40 பாகைக்கு நிமிர்த்தினால் உள்ளே கொஞ்சம் கூடுதல் மருந்துக்கு இடம் வரும். அதற்கேற்பத் துவக்கின் அறையையும் குடைவார். இப்படி மாற்றிய துவக்கில் கடையில் வாங்கிய சாதாரண ரவையையும் போட்டுச் சுடலாம். சுட்டதும் அந்தக் கோதே விரிந்து புது வடிவத்தை எடுத்துவிடும். இந்த வகைக்கு இன்றும் "அக்லி இம்ப்ரூவ்ட்" என்று பெயர். அவற்றில் ஒன்றான .280, 2007இல்தான் தர நிர்ணயப் பதிவுக்குள் ஏறியது. அவர் இறந்து 18 வருடத்துக்குப் பிறகு.

அந்தக் காலத்தில் வைல்ட்கெட் உலகம் வாய்ப்பேச்சால் நிறைந்திருந்தது. "என் ரவை உன்னுடையதை விட வேகம்" என்பார்கள். ஆனால் பலரிடம் வேகத்தை அளக்கும் கருவியே இருக்கவில்லை. அக்லி அளந்தார். தோளை மாற்றுவதால் சில கோதுகளுக்கு உண்மையான நன்மை உண்டு, பலவற்றுக்குச் சொல்லத்தக்க நன்மை இல்லை என்பதை மறைக்காமல் எழுதினார். தன் பெயரில் விற்பனையாகும் பொருளைப் பற்றி அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து அமெரிக்கச் சிப்பாய்கள் பலநாட்டுத் துவக்குகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஜப்பானியரின் அரிசாகா துவக்கு மட்டமான இரும்பு என்று பொதுவாகப் பேச்சு. அக்லி ஒவ்வொரு இனத்தையும் எடுத்து, மருந்தின் வலுவைப் படிப்படியாகக் கூட்டி, உடையும்வரை சோதித்தார். மற்றவை ஒவ்வொன்றாகக் கழன்றும் வெடித்தும் போக, அதிகம் தாங்கியது அந்த அரிசாகாதான். தோற்ற நாட்டின் பொருள் என்பதற்காக யாரும் மதிக்காத இரும்பு! வகுப்பில் இதைச் சொன்னபோது பின் வாங்கில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இங்கே நம் ஊர்ப் பக்கத்து விடயம் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்கில் காலை இழந்த மனிதர்களை நாம் அறிவோம். அதைச் செய்பவரின் கையிலும் திறமை இருக்கிறது. ஆனால் எந்த இரும்பு எவ்வளவு தாங்கும் என்று யாரும் அளந்ததில்லை. யார் காலில் படும் என்று யாரும் யோசித்ததுமில்லை. சட்டப்படி அது பாரிய குற்றம் என்பது ஒருபுறம். திறமை மட்டும் இருந்து அளவும் பொறுப்பும் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடத் தேவையில்லை.

*ஒரு பகிடியும் ஒரு யுத்தமும்*

அக்லி செய்த ரவைகளில் மிகவும் பேர்போனது ஒரு பகிடி. கன்ஸ் அண்ட் அம்மோ என்ற சஞ்சிகையைச் சேர்ந்த பொப் ஹட்டன் செக்கனுக்கு 5,000 அடி வேகம் வேண்டும் என்று கேட்டார். யானை வேட்டைக்குப் பயன்படும் .378 வெதர்பி என்ற மாபெரும் கோதை எடுத்து, அதன் கழுத்தை .22க்குச் சுருக்கினார் அக்லி. தண்ணீர்ப் பீப்பாய்க்கு ஊசிமுனை வாய் வைத்ததுபோல. பெயர் ".22 இயர்கெஸ்ப்ளிட்டன் லவுடன்பூமர்". காதைக் கிழிக்கும் பெருவெடி என்று ஜேர்மன் மொழி மாதிரிக் கிண்டலாக வைத்த பெயர். 5,000 எட்டவில்லை, 4,600 அடிதான் வந்தது. அதாவது ஏறக்குறைய 1,400 மீற்றர், ஒலியின் வேகத்தைப் போல நான்கு மடங்கு. ஒருவருக்கும் பிரயோசனமில்லை. அவ்வளவு பெரிய தீ அவ்வளவு சிறிய துளையால் போனால் குழல் சீக்கிரமே தேய்ந்துவிடும். எல்லை எங்கே என்று தொட்டுப் பார்த்ததுதான் மிச்சம்.

அந்தப் பகிடியில் சம்பந்தப்பட்ட அதே ஹட்டனின் பெயரை நான் இன்னொரு இடத்தில் கண்டபோது சிரிப்பு நின்றுவிட்டது.

1957இல் அமெரிக்க இராணுவத்தின் ஜெனரல் வில்லர்ட் வைமன் பாரம் குறைந்த ஒரு துவக்கு கேட்டார். சன்னம் சிறியது, .22 அளவு. ஆனால் 500 யார், அதாவது சுமார் 457 மீற்றர் தொலைவிலும் ஒலியை விட வேகமாகப் போக வேண்டும். அங்கே ஓர் இரும்புத் தொப்பியைத் துளைக்க வேண்டும். ஆர்மலைட் கம்பனியின் யூஜின் ஸ்டோனர் துவக்கைச் செய்தார். ரவைக்கு அவர்கள் எடுத்தது .222 ரெமிங்டன். அது 1950இல் ரெமிங்டனின் மைக் வோக்கர் வடிவமைத்தது, வயல் விலங்குகளுக்கும் குறிச் சுடுதல் போட்டிகளுக்கும் உரிய ரவை. அதில் தேவையான வேகம் வர எவ்வளவு மருந்து, எந்த மருந்து என்று கணக்குப் பார்த்துக் கொடுத்தவர் ஹட்டன். அந்தக் கோதுக்குள் இடம் போதாது என்று தெரிந்தது. கோதை நீட்டினார்கள். அது .223 ரெமிங்டன் ஆனது. இராணுவத்தில் அதன் பெயர் 5.56 மில்லிமீற்றர். எம்-16 துவக்கோடு வியட்நாமுக்குப் போனது. 1980இல் நேட்டோ நாடுகள் அதே கோதில் சன்னத்தை மட்டும் மாற்றித் தங்கள் பொது ரவையாக்கின. இன்று உலகத்தில் அது போகாத யுத்தம் குறைவு.

.223 முழுக்க முழுக்கக் காட்டுப்பூனை என்று நான் சொல்ல வரவில்லை. அது ஆலையிலும் இராணுவத் தேவையிலும் உருவானது. ஆனால் சிறிய .22 சன்னத்துக்கு நிறைய மருந்தும் வேகமும் கொடுத்தால் என்ன நடக்கும் என்ற அறிவு எங்கிருந்து வந்தது? வுட்சக் சுட்ட வயல்களிலிருந்து. குளவி என்று பெயர் வைத்து மகிழ்ந்த ஓய்வு நேரங்களிலிருந்து. அந்த மனிதர்களில் யாராவது ஒரு வியட்நாமியப் பிள்ளையை நினைத்திருப்பார்களா? நிச்சயம் இல்லை. அதுதான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது.

*நம் மண்ணில் கிடந்த கோதின் பேரப்பிள்ளை*

இனி மாணவன் கொண்டுவந்த கோதுக்கு வருவோம். ரி-56 என்பது சோவியத்தின் ஏகே-47 துவக்கைப் பார்த்து 1956ஆம் ஆண்டு வடிவமாகச் சீனா செய்தது. ரவை 7.62×39. அது இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவில், 1943இல் சோவியத்தில் வடிவமைக்கப்பட்டது. பிறந்ததே யுத்தத்துக்காக.

அந்தக் கோதின் கழுத்தைச் சோவியத் நாட்டிலேயே 5.6 மில்லிமீற்றருக்குச் சுருக்கி ஒரு வேட்டை ரவை செய்தார்கள். மேற்கு நாடுகளில் அதன் பெயர் .220 ரஷ்யன். 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் லூயிஸ் பல்மிசானோ என்ற டொக்டரும், ஃபெரிஸ் பின்டெல் என்ற இயந்திரக் கைவினைஞரும் அந்த ரஷ்யக் கோதை எடுத்து, உடலை நேராக்கி, தோளை நிமிர்த்தி, .22 அளவிலும் 6 மில்லிமீற்றரிலும் இரண்டு காட்டுப்பூனைகளை உருவாக்கினார்கள். இருவரின் பெயரின் முதலெழுத்துக்களோடு அதற்கு "பிபிசி" என்று பெயர். பனிப்போர்க் காலம் அது. எதிரி நாட்டின் கோதுதான் நல்லது என்று ஒரு டொக்டரும் ஒரு தொழிலாளியும் கண்டார்கள், எடுத்தார்கள்.

எதற்காக? கடதாசியில் ஓட்டை போடுவதற்காக. பெஞ்ச்ரெஸ்ட் என்று ஒரு போட்டி இருக்கிறது. துவக்கை மேசையில் வைத்து, 100 யார் தூரத்தில் உள்ள கடதாசியில் ஐந்து தடவை சுட வேண்டும். ஐந்து ஓட்டைகளும் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று அளப்பார்கள். 6 மில்லிமீற்றர் பிபிசி வந்த பிறகு ஐந்தும் கால் அங்குலத்துக்குள் விழுவது நல்ல போட்டியாளருக்குச் சாதாரணமாகிவிட்டது. பல ஆண்டுகளாக அந்தப் போட்டியை அந்த ரவைதான் ஆண்டது. நம் தெருக்களில் விழுந்த கோதின் பேரப்பிள்ளை எவரையும் காயப்படுத்தாமல், ஒரு கடதாசியின் ஒரே ஓட்டைக்குள் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறது.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம். ஆனால் 2003இல் அதே கோது வம்சத்திலிருந்து 6.5 கிரெண்டல் என்று இன்னொன்று வந்தது. எம்-16இன் உறவான ஏஆர்-15 துவக்குக்குள் பொருந்தவென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டது. யுத்தத்திலிருந்து கடதாசிக்குப் போனது, திரும்பவும் சண்டைத் துவக்கின் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

*மாணவனுக்கு நான் சொன்ன பதில்*

அடுத்த வாரம் கரும்பலகையில் ஒரு வம்ச வரிசை கீறினேன். மேலே நான்கு பழைய கோதுகள், கீழே அவற்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். "ஆரு கண்டுபுடிச்ச?" என்று கேட்டவனை எழுப்பி, "இப்ப நீயே சொல்லு பார்ப்பம்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துவிட்டு, "ஒராள் இல்ல சேர், ஒவ்வொராளும் கொஞ்சம் கொஞ்சம்" என்றான்.

அதற்குப் பிறகு ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப பிழை ஆருக்கு சேர்?"

நான் அவளுக்குச் சுற்றிவளைத்துப் பேசவில்லை. வுட்சக் சுட்டவர் மேல் வியட்நாமின் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை. அதற்காக எவருக்கும் பொறுப்பில்லை என்றும் சொல்ல முடியாது. இரும்புத் தொப்பியைத் துளைக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் எழுதிக் கேட்டபோது, அந்தத் தொப்பிக்குள் ஒரு தலை இருக்கும் என்பது அதை வாசித்த ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்த இடத்திலிருந்துதான் பொறுப்பு தொடங்குகிறது என்றேன். அவள் ஏற்றுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. ஏற்காமல் இருப்பதும் நல்லதுதான், யோசிக்கட்டும்.

கோதை அதிபரிடம் சொல்லிப் பொலிஸில் ஒப்படைத்தோம். பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுவேலை கொடுத்திருக்கிறேன்: வீட்டில் உள்ள ஏதாவது ஒரு பொருளை எடுத்து, அதற்கு முன் அது என்னவாக இருந்தது, யார் கையில் எப்படி மாறியது என்று எழுதி வர வேண்டும். மண்வெட்டி, அரிக்கன் லாம்பு, தையல் மெசின், தோணி என்று பெயர்ப் பட்டியல் வந்துவிட்டது.

உங்களில் வயதில் மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய .303 காலம், வயல் காவல், கட்டுத்துவக்கால் வந்த விபத்துக்கள், கோது பொறுக்கிய நாட்கள் பற்றி உங்களுக்கு ஞாபகம் உள்ளதைக் கீழே பதிவிடுங்கள். பெயர், இடம் எழுதத் தேவையில்லை. நம் பிள்ளைகள் நிறையக் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.